புள்ளி குறைந்தது, பிள்ளை முன்னேறியது

தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்தால் எங்கள் பக்கத்தில் முதற்கேள்வி, "எத்தினையாம் பிள்ளை?" என்பதுதான். அடுத்தது, "போன வருசம் கணக்குக்கு எத்தினை?" இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். பிள்ளை ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு மட்டும் அந்த அறிக்கையில் விடை இருக்காது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் ஒரு பிள்ளை தரம் 3இல் கணிதத்துக்கு 72 எடுக்கிறது, தரம் 4இல் 64. வீட்டில் ஏச்சு விழும், ரியூசன் ஒன்று கூடும். இரண்டு தாள்களும் தீவகக் கல்வி வலயம் முழுவதற்கும் பொதுவானவை என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டில் வலயச் சராசரி 65. புள்ளிகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகல் 14. மறு ஆண்டுத் தாள் கடினம்: சராசரி 52, நியம விலகல் 15. எழுபத்திரண்டில் 65ஐக் கழித்து 14ஆல் பிரித்தால் 0.5. அறுபத்துநான்கில் 52ஐக் கழித்து 15ஆல் பிரித்தால் 0.8. புள்ளிகள் நடுவில் நெருங்கியும் ஓரங்களில் அருகியும் செவ்வன் பரம்பலாக இருந்தால், முன்பு நூறில் ஏறத்தாழ 69 பேருக்கு மேலே நின்ற பிள்ளை இப்போது 79 பேருக்கு மேலே நிற்கிறது. ஏச்சு வாங்கிய வருடத்தில்தான் அது முன்னேறியிருக்கிறது.

உயர்தரம் எழுதியவர் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி இதுவேதான். ஆனால் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும். 2011இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்த்தது. இரு பகுதியினருக்கும் வேறுவேறாகக் கணிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. இசட் புள்ளி இரண்டு வருடமும் 0.5ஆகவே இருந்தால் பிள்ளை தேங்கிவிட்டது என்று பொருளல்ல. மற்றப் பிள்ளைகளும் ஒரு வருடம் படித்திருக்கிறார்கள்; அவர்களோடு சேர்ந்து அதுவும் அதேயளவு நடந்திருக்கிறது.

தீவகத்துக்கு இதைவிடப் பெரிய சிக்கல் வகுப்பின் அளவு. 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்த ஊர் அல்லைப்பிட்டி. திரும்பி வராத குடும்பங்களின் பிள்ளைகள் வேறெங்கோ படிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் ஒன்பது பத்துப் பிள்ளைகளோடு வகுப்பு நடப்பது புதினமல்ல. ஒன்பது பேரில் மூன்றாம் பிள்ளை என்பதற்கு என்ன பெறுமதி? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பண்ணைப் பாலம் கடந்து பட்டணத்துப் பாடசாலைக்கு மாறினால், மூன்றாம் பிள்ளை எதுவும் புதிதாகப் படிக்காமலே இரண்டாம் பிள்ளையாகிவிடும்.

வகுப்புச் சராசரியும் அப்படித்தான். நியம விலகல் 15 என்றால், ஒன்பது பேரின் சராசரி தற்செயலாகவே 5 புள்ளி ஏறி இறங்கக்கூடும். நூறு பேரின் சராசரி 1.5தான் அசையும். நியம விலகலைப் பிள்ளைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பிரித்தால் வரும் கணக்கு இது. ஆகவே சிறிய பாடசாலை ஒருவருடம் பட்டியலின் உச்சியிலும் மறுவருடம் அடியிலும் நிற்பதற்கு ஆசிரியர் காரணமாக இருக்கவேண்டியதில்லை. ஒரேயொரு வருடப் பெறுபேற்றை வைத்து ஒரு தீவுப் பாடசாலையைப் பழிப்பது அநியாயம். மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

தனிப் பிள்ளையின் புள்ளியிலும் தளம்பல் உண்டு. அன்று காய்ச்சல், தெரிந்த கேள்வி வந்தது, ஊகம் பலித்தது. நன்றாகத் தயாரித்த தாளில்கூட நாலைந்து புள்ளி இப்படிக் கூடும், குறையும். 68க்கும் 71க்கும் இடையில் வித்தியாசம் தேடுவது வீண்வேலை. தரம் 5 புலமைப்பரிசிலில் 200க்கு ஒரு புள்ளியால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட பிள்ளையும், ஒரு புள்ளியால் தாண்டிய பிள்ளையும் அறிவில் ஒன்றுதான். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் பெற்றோர் முதலில் நம்பவேண்டும்.

வலயப் பொதுத்தாள் நடக்கும் பாடங்களுக்கு, தேர்ச்சி அறிக்கையில் பிள்ளையின் புள்ளிக்குப் பக்கத்தில் வலயச் சராசரியையும் நியம விலகலையும் அச்சிட இரண்டு சிறு கட்டங்கள் போதும். அவற்றை வலயக் கல்வி அலுவலகம் சேர்க்கவேண்டும். அதுவரை பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் "எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்காதீர்கள். சராசரி எத்தனை என்று கேளுங்கள். போன வருடம் வாசிக்கத் திணறிய எதைப் பிள்ளை இப்போது தானாக வாசிக்கிறது என்றும் கேளுங்கள்.