கால் முறிந்த பிறகு வரும் மணி நேரங்கள்

வியாசர்பாடியைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை பிரியாவுக்கு அப்போது 17 வயது. சென்னை ராணி மேரி கல்லூரியில் முதலாமாண்டு மாணவி. முழங்கால் ஜவ்வு கிழிந்ததற்காக 2022 நவம்பர் 7 அன்று பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. சிறு துளை போட்டுச் செய்யும், உயிருக்கு ஆபத்தில்லாத சிகிச்சை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதன் பிறகு காலில் போட்ட அழுத்தக் கட்டு இறுக்கமாக இருந்து ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றினார்கள், காலை எடுத்தார்கள். சேதமான தசையிலிருந்து ரத்தத்தில் கலந்த நச்சு மற்ற உறுப்புகளைத் தாக்க, நவம்பர் 15 அன்று பிரியா இறந்தார். கவனக்குறைவு நடந்ததை அரசே ஒப்புக்கொண்டது. மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும் வீடும் சகோதரருக்கு அரசு வேலையும் கிடைத்தன.

பிரியாவுக்கு முறிந்தது எலும்பு இல்லை. ஆனாலும் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இந்தச் சம்பவத்தை முதலில் சொல்கிறேன். காரணம், பொன்மலை ரயில்வே மைதானத்திலோ காஜாமலை அண்ணா விளையாட்டரங்கிலோ ஒரு பையனுக்குக் கணைக்கால் எலும்பு உடைந்தால் அவன் காலை அச்சுறுத்துவதும் இதே ஆபத்துதான். எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். கட்டுக்குள்ளே தசை மூச்சுத்திணறிச் சாவதுதான் காலையும் சில நேரம் உயிரையும் எடுக்கிறது.

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் ஆரஞ்சுச் சுளையைப் போலத் தனித்தனி உறைகளுக்குள் இருக்கின்றன. அந்த உறைகள் விரியாது. எலும்பு உடைந்து உள்ளே ரத்தம் கசிந்தாலும், வெளியே கட்டு இறுக்கினாலும், உறைக்குள் அழுத்தம் ஏறிச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. மருத்துவர்கள் இதைக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை மீளாத அளவுக்குக் கெட்டுப்போகும். அதற்குள் கட்டைத் தளர்த்தி, தேவைப்பட்டால் உறையைக் கீறிவிட்டால் கால் பிழைக்கும்.

இதன் முதல் அறிகுறி வலி. எலும்பு உடைந்தால் வலிப்பது இயல்புதானே என்று கேட்கலாம். இது வேறு வலி. முட்டுக் கொடுத்து, ஊசி போட்ட பிறகும் குறையாமல் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும். கால் விரலை மெல்ல மேல்நோக்கி மடக்கினாலே பிள்ளை துடித்துப்போவான். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும். விரல் மரத்துப்போகும். நாடித் துடிப்பு இருக்கிறது, விரல் சிவப்பாக இருக்கிறது என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். நாடி நிற்பதும் விரல் வெளுப்பதும் கடைசியில் வரும் அடையாளங்கள், அப்போது காலம் கடந்திருக்கும்.

அதனால் வார்டில் துணைக்கு இருக்கும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ சொல்கிறேன். "கட்டு ரொம்ப இறுக்கமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். "பொறுத்துக்கடா, ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். செவிலியரிடம் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் யாரும் வந்து பார்க்கவில்லையென்றால் பணி மருத்துவரைக் கேளுங்கள், அவரும் வராவிட்டால் நிலைய மருத்துவ அலுவலரிடம், ஆர்எம்ஓவிடம், போங்கள். எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நள்ளிரவில் மருத்துவரை எழுப்பச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் மக்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஒரு கால் விலையாகிவிடக் கூடாது.

இனி மைதானத்துக்கு வருவோம். விழுந்தவனைச் சுற்றிக் கூட்டம் கூடும். ஒருவர் காலைப் பிடித்து இழுத்து நேராக்கப் பார்ப்பார், இன்னொருவர் சோடா வாங்கிக் கொடுப்பார், மூன்றாவது ஆள் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கிளம்பச் சொல்வார். மூன்றுமே தவறு. இழுத்தால் உடைந்த முனை நரம்பையும் ரத்தக் குழாயையும் கிழிக்கலாம். குடித்தால் மயக்க மருந்து கொடுப்பது தள்ளிப்போகும். பைக்கில் கால் தொங்கினால் உள்ளே முறிந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரலாம். கால் எப்படி இருக்கிறதோ அப்படியே, மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி அட்டையையோ கட்டையையோ வைத்துத் துணியால் லேசாகக் கட்டுங்கள். ஷூ கயிற்றைத் தளர்த்துங்கள். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள், மண்ணைக் கழுவுகிறேன் என்று தேய்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். திறந்த காயமாக இருந்தால் கிருமிக்கொல்லி ஊசி எவ்வளவு சீக்கிரம் போடப்படுகிறதோ அவ்வளவு நல்லது.

ஸ்ரீரங்கத்தில் அடிபட்டவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம் பேருந்து நிலைய நெரிசலைக் கடந்துதான் புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். வைகுண்ட ஏகாதசி நாள்களில் அந்த வழி எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையில் முதலுதவியும் வலிக்கு ஊசியும் வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் புத்தூருக்கு வருவதே மேல். அருகில் தனியார் மருத்துவமனைதான் இருக்கிறதென்றால் அங்கேயும் நுழையலாம். அவசர முதலுதவி தருவது அரசு, தனியார் எந்த மருத்துவருக்கும் கடமை என்று பரமானந்த கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நாட்டுக் கட்டு பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. தப்பை வைத்துக் கட்டும் வைத்தியர்களிடம் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை வைத்தவர்கள் நாம். விலகாத சின்ன முறிவுகள் அந்தக் கட்டில் கூடியிருப்பதும் உண்மை. ஆனால் கணைக்கால் முறிவில், முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது, தப்பை வைத்து இறுக்கிக் கட்டுவதும் எண்ணெய் தேய்த்து உருவுவதும் எனக்கு அச்சம் தருகின்றன. இறுக்கிய கட்டுக்குள் ரத்தம் நின்று கால் கறுத்த பிறகு பெரிய மருத்துவமனைக்கு ஓடி வருவது நம் மாநிலத்தில் எலும்பு மருத்துவர்கள் நன்றாக அறிந்த கதை. எக்ஸ்ரே எடுக்காமல், ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் யாரிடமும் கட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள். திறந்த காயமோ மரத்த விரலோ இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பணத்துக்கு என்ன செய்வது? அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை உண்டு. குடும்ப அட்டையும் ஆதாரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்தில் இன்றே பதிந்துவிடுங்கள். கால் உடைந்த பிறகு வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைய நேரம் இருக்காது. சந்தேகம் கேட்க 1800 425 3993. எந்த முறிவுச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்று சேரும்போதே கேளுங்கள். "கார்டு இருக்கு, ஆனா எலும்புல வைக்கிற ராடுக்குத் தனியா கட்டுங்க" என்று எந்த மருத்துவமனை சொன்னாலும், அதை எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள், அந்த எண்ணில் புகார் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான், மைதானக் காயத்துக்கு அது பொருந்தாது. பலர் இதில் குழம்புகிறார்கள்.

பள்ளி சார்பாக ஆடும்போது அடிபட்ட அரசுப் பள்ளி மாணவருக்கு விபத்து நிவாரணம் கேட்க வழி உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட, மாநில அளவில் ஆடுகிற வறிய வீரர்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். மத்திய அரசின் பண்டித தீனதயாள் உபாத்யாய விளையாட்டு வீரர் நல நிதியிலிருந்து மருத்துவ உதவி கோர முடியும்.

அடுத்து, காகிதங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் போட வேண்டும். என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிய பிறகு வாங்குவதுதான் சம்மதம். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதையே. டிஸ்சார்ஜ் ஆகும்போதோ அதற்குப் பிறகோ முழு மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. மூன்று ஆண்டு ஆவணங்களை வைத்திருக்கவும் வேண்டும். கேட்டுக் கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம் அதை ஏற்கிறது.

தவறு நடந்துவிட்டது என்று உறுதியாகத் தோன்றினால் எங்கே போவது? பணம் வாங்கிச் சிகிச்சை தந்த மருத்துவமனை என்றால் நுகர்வோர் நீதிமன்றம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தியிருந்தாலும் நோயாளி நுகர்வோர்தான் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதனால் "கார்டுல இலவசமா பார்த்தோமே" என்று தனியார் மருத்துவமனை தட்டிக்கழிக்க முடியாது. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு அந்த வழி இல்லை. அங்கே முதலில் மருத்துவமனை முதல்வரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்துப் புகார், பிறகு மாநில மனித உரிமை ஆணையம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள், உதவி எண் 15100. மருத்துவரின் நடத்தை குறித்த புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா மோசமான முடிவும் கவனக்குறைவு ஆகாது. எலும்பு கூடாமல் போகலாம், நல்ல மருத்துவர் கையிலும் தொற்று வரலாம். மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடர வேறொரு மருத்துவரின் சுதந்திரமான கருத்து தேவை என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்ததும் அதனால்தான். ஆனால் வலிக்கிறது என்று மணிக்கணக்கில் சொல்லியும் யாரும் கட்டை அவிழ்த்துப் பார்க்காதது விதி என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல.

கால் பிழைத்து எலும்பு கூடத் தொடங்கிய பிறகு இன்னொரு ஆபத்து, அவசரம். 2010 பிப்ரவரி 27 அன்று ஸ்டோக் சிட்டிக்கு எதிராக ஆடிய ஆர்சனல் வீரர் ஆரோன் ராம்சேக்கு 19 வயதில் கணைக்காலின் இரண்டு எலும்பும் உடைந்தன. உலகின் சிறந்த மருத்துவ வசதி கையருகே இருந்தும் அந்த ஆண்டு நவம்பரில்தான், அதுவும் கீழ்மட்ட அணிக்குக் கடனாகச் சென்று, மெல்லத் திரும்பினார். 2014-ல் இங்கிலாந்து எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியின் வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். கோவென்ட்ரி வீரர் டேவிட் பஸ்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1996 ஏப்ரலில் முறிந்த அவர் கால், தொற்றாலும் பல அறுவைச் சிகிச்சைகளாலும் தளர்ந்து, அதே ஆண்டிலேயே அவர் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. எலும்பு கூட நான்கு முதல் ஆறு மாதம், தசை திரும்ப அதற்கும் மேல். பிசியோதெரபியை இடையில் விடாதீர்கள். புகைபிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும். கெண்டைக்கால் திடீரென வீங்கினால் அங்கே ரத்தம் கட்டியிருக்கலாம், மூச்சு வாங்கினால் அந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த மாணவர்கள் மருத்துவச் சான்றைக் கல்லூரியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவர் எழுதித் தராமல் "இந்த ஒரு மேட்ச் மட்டும் ஆடுப்பா" என்று எந்தப் பயிற்சியாளரும் கேட்கக் கூடாது, கேட்டால் முடியாது என்று சொல்ல வீரருக்கு முழு உரிமை உண்டு.

திருச்சியில் எழுவர், ஐவர் போட்டி நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. அணிக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே அதில் ஒரு பகுதியை ஸ்ட்ரெச்சருக்கும் காலுக்கு முட்டுக் கொடுக்கும் சிம்புக்கும் முதலுதவி தெரிந்த ஒருவருக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் ஒதுக்குங்கள். ஆட்டத்துக்கு முன் மைதானத்தை நடந்து பார்த்துக் குழிகளையும் கண்ணாடித் துண்டுகளையும் அகற்றுங்கள். ஷின் கார்டு போடாத பையனை உள்ளே விடாதீர்கள்.