காலில் பட்டை, கையில் மனு: சிறைவாசம் முடியுமுன் வெளிவரும் வழிகள்

கைதியின் கணுக்காலில் பட்டை ஒன்றைப் பூட்டி, அவர் இருக்கும் இடத்தை மின்னணுக் கருவி மூலம் கண்காணிக்கும் நிபந்தனையோடு வெளியே விடுவது மின்னணுக் கண்காணிப்பு எனப்படும். 1983-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில நீதிபதி ஜாக் லவ், ஸ்பைடர்மேன் சித்திரக்கதையிலிருந்து பிறந்த யோசனையாக இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999 முதல் தண்டனைக் கைதிகள் பலர் இந்த முறையில் முன்கூட்டியே வீடு திரும்புகிறார்கள்.

இந்தியாவில் இது இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. பட்டை அணியச் சம்மதிக்கும் கைதிக்குச் சிறை விடுப்பு தரலாம் என்று மத்திய அரசின் 2023 மாதிரிச் சிறைச் சட்டம் சொல்கிறது. அதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம். ஜாமீனில் வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் பின்தொடரும்படி நிபந்தனை விதிப்பது அந்தரங்க உரிமையைப் பறிக்கும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, ஒருவர் சிறையில் இருக்கும் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம் நம்ப வேண்டியது பட்டையை அல்ல, மனுவை.

விசாரணைக் கைதிக்கு உதவுவது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன் மீதான குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்கள் பாதிக் காலம் கழித்திருந்தால் ஜாமீன் கோரலாம். வீடு புகுந்து திருடிய வழக்கில் அதிகபட்சம் 7 ஆண்டு என்றால், முன்னவருக்கு 2 ஆண்டு 4 மாதம், பின்னவருக்கு மூன்றரை ஆண்டு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலக்கெடு முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை.

ஜாமீன் கிடைத்த பிறகும் பலர் உள்ளேயே இருப்பதற்குக் காரணம் ஜாமீன்தார் கிடைக்காததுதான். பாவும் ஜரிகையும் முதலாளியிடம் வாங்கி, சேலை அறுத்துக் கொடுத்துக் கூலி பெறும் நெசவாளர் வீட்டில் தறிக்குழி இருக்கும். காட்டுவதற்குச் சொத்துப் பத்திரம் இருக்காது. 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், ஜாமீன்தாரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்பதற்காக அவரை மறுத்தது தவறு என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர். ஜாமீன் உத்தரவு கிடைத்து 7 நாளில் கைதி வெளிவரவில்லை என்றால், சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தண்டனைக் கைதிகளுக்கு வேறு வழிகள் உண்டு. தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி, நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், பிள்ளைகளின் திருமணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு கேட்கலாம். முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலத்தில், தகுதி பெற்ற கைதி மனு போடாவிட்டாலும் அவர் விடுதலையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இவற்றுக்கெல்லாம் வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பாராமல் இந்த உரிமையைத் தருகிறது. கைதி சிறையிலிருந்தே மனு எழுதலாம்; குடும்பத்தார் மாவட்ட ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 எண்ணில் அழைக்கலாம். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், கைதான தேதி, சிறையின் பெயர் ஆகிய நான்கையும் கையில் வைத்திருந்தால் வேலை தாமதமின்றித் தொடங்கும்.