கொழுஞ்சி வேரும் வயிற்று வலியும்

திருப்பூரிலிருந்து காங்கேயம், தாராபுரம் பக்கம் போகிறவர்கள் சாலையோரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முழங்கால் உயரத்தில், சிறு சிறு இலைகளும் ஊதா நிறப் பூக்களுமாக ஒரு செடி நிற்கும். அதுதான் கொழுஞ்சி. காய் கொள்ளுக்காய் மாதிரி சப்பட்டையாக இருக்கும். சித்த மருத்துவத்தில் இதன் பெயரும் 'கொள்ளுக்காய் வேளை'தான்.

அடையாளம் காண்பது சுலபம். சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது. அம்பின் வால் போலப் பிளந்து வரும். வடமொழியில் 'சரபுங்கா' என்பது இதனால்தான். சரம் என்றால் அம்பு.

அவரைக் குடும்பத்துச் செடி இது. மணலிலும் சரளையிலும் தானாக முளைக்கும். வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைப்பதால், விவசாயிகள் இதைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது பசுந்தாள் உரமாக்குவார்கள்.

வயிற்று வலிக்கு இதன் வேர்ப்பட்டையை மிளகுடன் அரைத்துக் கொடுப்பதும், மண்ணீரல் வீக்கத்துக்கு வேரை மோரில் கலந்து கொடுப்பதும் பழைய வழக்கம். கல்லீரல் நோய்களுக்கான மருந்துகளிலும் இது சேர்கிறது.

சரி, அப்படியானால் வீட்டிலேயே பிடுங்கி அரைக்கலாமா? அங்கேதான் நிதானம் வேண்டும்.

முதலாவது, இனம். இதே இனத்துச் செடி ஒன்று அமெரிக்காவின் மணல் மேடுகளிலும் புல்வெளிகளிலும் வளர்கிறது. அதன் வேரை நசுக்கித் தண்ணீரில் போட்டு மீனை மயக்கிப் பிடித்தார்கள் அங்குள்ள பழங்குடியினர். அண்ணன் மருந்து, தம்பி விஷம் என்பது போலத்தான். செடி மாறினால் ஆபத்து.

இரண்டாவது, இடம். நொய்யல் கரையில் பறிக்காதீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குச் சாயக்கழிவு கலந்த ஆறு அது. மண்ணில் இருப்பது வேருக்கும் வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் காலையில் டீயும் பன்னும். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. வலி வந்தால், "வெறும் வயித்து வலிதானே, வேரை மென்னா சரியாப் போகும்" என்பார்கள் பெரியவர்கள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றில் போய் நிற்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். கறுப்பாக மலம் போனாலும், ரத்த வாந்தி எடுத்தாலும், வயிறு பலகை போல இறுகினாலும் கைவைத்தியத்துக்கு நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிதான்! கண் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் இந்த வேரைத் தரவே கூடாது.

மற்றபடி, பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லிக் கொடுத்தால் கொழுஞ்சி நல்ல மருந்து. அதற்கு முன், காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பச் சொல்லுங்கள். பாதி வயிற்று வலி அதிலேயே போய்விடும்.