புறவடி மடக்கம்

உறுப்புகளின் அசைவுகளைக் குறிக்க மருத்துவ நூலார் வரையறுத்துக்கொண்ட சொற்கள் பல. அவற்றுள் ஒன்று 'டார்சிஃபிளெக்சன்' என்பது. இலத்தீன் மொழியில் 'டார்சம்' என்பது முதுகு; 'ஃபிளெக்சன்' என்பது மடக்குதலைக் குறிக்கும். பாதத்திற்கும் முதுகு உண்டோ எனின், உண்டு. கையின் பின்பக்கத்தைப் புறங்கை என்றும், பாதத்தின் மேற்பக்கத்தைப் புறவடி என்றும் தமிழர் வழங்குவர். புறம் என்னும் சொல் முதுகையும் குறிக்கும். போரில் முதுகிட்டு ஓடுதலைப் புறங்காட்டுதல் என்பது இதுபற்றியே. ஆதலின், அதனைப் புறவடி மடக்கம் எனல் பொருந்தும்.

குதிகாலை நிலத்தில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியை முழங்காலை நோக்கி உயர்த்துக. இதுவே புறவடி மடக்கம். எட்டாத பொருளை எடுக்க நுனிக்காலில் நிற்கும்போது நிகழ்வதோ அகவடி மடக்கம். முன்னது ஏறத்தாழ 20 பாகையும், பின்னது ஏறத்தாழ 50 பாகையும் இயலும்.

'பாதத்தை மடக்குக' என்று மட்டும் கூறினால் ஆகாதோ? ஆகாது. குதிநாண் அறுந்து, அதனைத் தைத்துக்கொண்ட ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய பாதம் முதலில் கீழ்நோக்கிய நிலையிலேயே வைக்கப்பெறும். அவர் சொல்லைப் பிறழ உணர்ந்து, காலம் வருமுன் பாதத்தை மேல்நோக்கி மடக்குவாராயின், தைத்த நாண் நீண்டுவிடும். மீண்டும் அறுதலும் கூடும். சொல்லின் தெளிவே அவர் காலுக்குக் காப்பு.

நடக்கும்போது ஒரு கால் ஊன்ற, மற்றொரு கால் முன்வருகிறது. அவ்வேளையில் கணைக்காலின் முன்பக்கத் தசை புறவடியைத் தூக்கிப் பிடிக்கிறது. அப்போது விரல் நுனிக்கும் நிலத்திற்கும் இடையே உள்ள வெளி சில வேளை 1 அல்லது 2 சென்டிமீட்டரே. அத்தசையை இயக்கும் நரம்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பைச் சுற்றித் தோலுக்கு அணித்தாகச் செல்கிறது. நெடுநேரம் குந்தியிருத்தலாலும், இறுகிய கட்டாலும், தொழுநோயாலும் அந்நரம்பு கேடுறலாம். கேடுற்றால் பாதம் தொங்கும். நடப்பவர் விரல் தடுக்காதிருக்க, நீருள் நடப்பார் போல முழங்காலை உயர்த்தி உயர்த்தி அடிவைப்பார்.

இக்குறையை முன்னரே அறிய எளிய வழி உண்டு. நோயாளியைப் புறவடியை மடக்கச் செய்து, மருத்துவர் தம் கையால் அதனை எதிர்த்து அழுத்துவார். தசையின் தளர்ச்சி அப்போதே புலப்படும். காலத்தே கண்டு மருந்தளித்தால், தொழுநோயால் நலிந்த நரம்பும் தேறக்கூடும். தேறாதவிடத்து, அகவடி மடக்கத்திற்குத் துணைசெய்யும் தசை ஒன்றின் நாணை எடுத்துப் புறவடியில் பொருத்துவர். கீழே இழுத்துப் பழகிய தசை, இனி மேலே தூக்கக் கற்றல் வேண்டும். நாள்தோறும் பயின்று, தொங்கிய பாதத்தைத் தாமே உயர்த்தும் நாளில், புறவடி மடக்கம் என்னும் சொல்லின் முழுப்பொருளையும் அந்நோயாளி உணர்வார்.