உங்களுக்குத் தெரியுமா? அமுக்கிய பிறகும் கேட்கும் கட்டை

சில சிந்தசைசர்களில் கட்டையை அடித்து முடித்த பிறகும், விரலை எடுக்காமல் இன்னும் அழுத்தினால் ஒலி மாறும்: அதிரும், பளிச்சிடும், உரக்கும். இதற்குப் பெயர் ஆஃப்டர்டச். ஹார்மோனியத்தில் எவ்வளவு அமுக்கினாலும் இது நடக்காது. அங்கே எல்லாம் துருத்தியின் கையில்.

● கட்டைகளுக்கு அடியில் ஓடும் உணரிப் பட்டை, அழுத்தத்தை 0 முதல் 127 வரை எண்ணாக்குகிறது. இந்த வசதியுள்ள பெரும்பாலான கீபோர்டுகளில் எல்லாக் கட்டைக்கும் ஒரே எண்தான். ஒரு விரல் அழுத்தினால் பிடித்திருக்கும் எல்லாச் சுரங்களும் ஆடும்.

● 1977-இல் வந்த யமஹா சிஎஸ்-80 சிந்தசைசர், ஒவ்வொரு கட்டையின் அழுத்தத்தையும் தனித்தனியே உணர்ந்தது. எடை மிக அதிகம். தூக்கியவர் பாவம்!

● 'தில்லி-6' (2009) படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் ஏ.ஆர்.ரஹ்மான் வாசித்த கான்டினுவம் ஃபிங்கர்போர்டில் கட்டையே கிடையாது. விரலை வழுக்கினால் கமகம், அழுத்தினால் உரப்பு.

● திண்டுக்கல் திருவிழா மேடையில் கனத்த கட்டையுள்ள கீபோர்டு வாசிப்பவரா? அழுத்தி அழுத்தி விரல் வலித்தால் மெனுவில் ஆஃப்டர்டச் சென்சிட்டிவிட்டியைக் கூட்டுங்கள். லேசாகத் தொட்டதற்கே புல்லாங்குழல் ஒலி நடுங்கினால் குறையுங்கள். பியானோ ஒலிக்கு அணைத்தே விடலாம்.

விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் இந்த வசதியே இராது. வாங்குமுன் கடையில் கேட்டுவிடுங்கள்.