அழுவோர் நின்ற வாயில்

பழனிமலைத் தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் கோடைக்கானல் அமைந்துள்ளது. இங்கே இயேசு சபைக் குருவான லூயி சேன்-சீர் அடிகளாரின் முயற்சியால் சலேத் அன்னையின் ஆலயம் 1866ஆம் ஆண்டில் எழுந்தது. மூடுபனியும் மழையும் சொல்லாமல் வரும் மலைநாட்டில், ஆலய வாயிலின்முன் ஒரு கூரை வேண்டும் என்பதை எவரும் எளிதில் உணர்வர். நனைந்த குடையை மடக்கவும், கம்பளியை உதறவும், அழும் பிள்ளையைத் தேற்றவும் அவ்விடம் உதவும். ஆனால் ஆலயத்தின் முகமண்டபம் மழைக்கு ஒதுங்குவதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. அதற்குத் திருச்சபையில் நீண்ட வரலாறு உண்டு.

மேலைநாட்டார் இம்மண்டபத்தை நார்த்தெக்ஸ் என்பர். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேத கலாபனை ஓய்ந்தபின், தீர் நகரில் கட்டப்பட்ட பேராலயத்தைச் செசரேயா ஆயர் யூசேபியுஸ் தம் வரலாற்று நூலில் வருணித்துள்ளார். அதன் முன்முற்றத்தில் நீரூற்றுகள் இருந்தன. உள்ளே செல்வோர் அங்குத் தம்மைத் தூய்மை செய்துகொண்டனர். விசுவாசத்தின் முதற்பாடங்களைக் கற்கவேண்டியோர் தங்குவதற்கும் அதுவே ஏற்ற இடமாயிருந்தது. இன்று நாம் வாயிலில் தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை வரைகையில் அப்பழைய நீரூற்றை நினைவுகூரலாம்.

திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்தோர் வாசகங்களையும் மறையுரையையும் கேட்டபின் அனுப்பி வைக்கப்பட்டனர். காணிக்கை வழிபாடு தொடங்கும்போது அவர்கள் உள்ளே இருப்பதில்லை. இவர்களைப் போன்றே, பெரும்பாவத்தில் விழுந்து மனந்திரும்பியவர்களுக்கும் வாயிலருகே இடம் இருந்தது. சின்ன ஆசியாவில் ஆயராயிருந்த புனித பசிலியார், 4ஆம் நூற்றாண்டில் எழுதிய மடல்களில் அந்த ஒழுங்கை விளக்குகிறார். மனமறிந்து கொலை செய்து பின் மனம் வருந்தியவனுக்கு 20 ஆண்டுத் தவம். முதல் 4 ஆண்டுகள் அவன் கதவுக்கு வெளியே நின்று அழவேண்டும். உள்ளே செல்லும் விசுவாசிகளைப் பார்த்து, தனக்காக மன்றாடும்படி கேட்கவேண்டும். அடுத்த 5 ஆண்டுகள் இறைவார்த்தையைக் கேட்போருடன் இருப்பான். 7 ஆண்டுகள் முழந்தாளிடுவோருடன் செபிப்பான். இறுதி 4 ஆண்டுகள் மற்றவர்களோடு நிற்பான். ஆயினும் நற்கருணை உட்கொள்ளான். அதன் பின்னரே நற்கருணைப் பந்தியில் அவனுக்கு இடம் கிடைக்கும்.

இது மிகக் கடுமையான ஒழுங்கு என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் இதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. பாவியைத் திருச்சபை தெருவில் விட்டுக் கதவை அடைத்துவிடவில்லை. வாயிலில் அவனுக்கு ஓர் இடம் கொடுத்தது. உள்ளே செல்வோர் அனைவரையும் அவனுக்காக மன்றாடப் பணித்தது. அவனைக் காணாதவர்போல் கடந்துசெல்ல எவருக்கும் உரிமை இல்லை.

அழுவோரின் இவ்வரலாற்றைப் படிக்கும்போது கோடை மலையின் அன்னையை நாம் நினையாதிருக்க இயலாது. 1846 செப்டம்பர் 19ஆம் நாள், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த மேலானி, மாக்சிமின் என்ற இரு சிறுவர்க்குத் தேவமாதா காட்சி தந்தார். முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்தவராகவே சிறுவர்கள் அவரை முதலில் கண்டனர். அவர் எழுந்து, அஞ்சாமல் அருகில் வரும்படி அவர்களை அழைத்தார். ஞாயிறு அனுசரிப்பை மறந்து, திருமகனின் பெயரை இழிவுபடுத்தும் மக்கள் மனந்திரும்பவேண்டும் என்பதே அவர் தந்த செய்தி. கிரனோபிள் ஆயர் 1851ஆம் ஆண்டில் அக்காட்சியை ஏற்று அறிவித்தார். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் பழனிமலையில் அந்த அன்னையின் பெயரால் ஆலயம் நிலைபெற்றது. பாவிகளுக்காக அழும் தாய், வெளியே நிற்போரை விட்டு விலகி நிற்பவர் அல்லர்.

முகமண்டபத்தின் பணி இன்று முடிந்துவிட்டதா? இல்லை. 1969ஆம் ஆண்டின் குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில், குருவானவர் ஆலய வாயிலில் பெற்றோரை வரவேற்கிறார். பிள்ளையின் பெயரைக் கேட்டு, அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறார். 1972ஆம் ஆண்டில் வெளிவந்த வயதுவந்தோர் புகுமுகச் சடங்கும் வாயிலில் தொடங்குகிறது. பாஸ்கு இரவில் புதுத்தீயிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி அவ்வழியே இருண்ட ஆலயத்தினுள் செல்கிறது. மரித்தோரின் பெட்டியும் அவ்வாயிலிலேயே தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. பிறந்த பிள்ளையையும் இறந்த முதியவரையும் திருச்சபை ஒரே இடத்தில் எதிர்கொள்கிறது!

ஆகவே, ஆலயத்தைப் புதுப்பிக்கும் பங்குகளுக்கு ஒரு விண்ணப்பம். இருக்கை போதவில்லை என்று முகமண்டபத்தைச் சுவரால் அடைத்துவிடாதீர்கள். உடைந்த நாற்காலிகளையும் திருவிழாத் தோரணங்களையும் அடுக்கும் கிடங்காகவும் அதை ஆக்காதீர்கள்.

குடும்பங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் சிலர் மண்டபத் தூணருகே நின்றே திருப்பலி காண்கின்றனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிடுகிறோம். சோம்பல் சிலருக்கு உண்மையாயிருக்கலாம். மற்றவர்களுள் குடும்பத்தில் முறிவு கண்டவர் இருக்கலாம். பல ஆண்டுகளாய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கூசி நிற்பவர் இருக்கலாம். நம்முள் எவரோடோ பகைகொண்டு, அவர் முகத்தைக் காண அஞ்சுபவரும் இருக்கலாம். பண்டைய அழுவோர் வாய்விட்டுக் கேட்டனர், இவர்கள் கேட்பதில்லை. கேளாமலே மன்றாடுவது நம் கடமை. தீர்த்தம் தொடும் விரலோடு அவர்களை நோக்கி ஒரு வணக்கம் சொல்வோம்; அருகில் ஓர் இடம் இருக்கிறது என்று அழைப்போம். மலைமேல் அழுத அன்னை சிறுவர்க்குச் செய்ததும் அதுவே.