மாதம் ஒரு டாலரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

இசைக் கலைஞர்கள் பணம் போட்டு வளர்க்கும் ஆர்டோர் சாஃப்ட்வேரில், வசதிக்கு இவ்வளவு என்று விலை பேசும் கணக்கு எடுபடவில்லை

கடையில் விற்கும் சாஃப்ட்வேரில் எந்த வசதி வேண்டும் என்பதைத் தயாரிப்பு நிறுவனம் தீர்மானிக்கிறது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் சாஃப்ட்வேரில்? வேண்டியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, புரோகிராமரிடம் கொடுத்து, கேட்டதைச் செய்து வாங்கிக்கொள்ளலாம். யோசனை நியாயமானதுதான். ஆனால் இசைத் தயாரிப்பில் நடைமுறை வேறு மாதிரி.

பால் டேவிஸ் இதற்குச் சரியான உதாரணம். அமேசான் நிறுவனத்தின் முதல் புரோகிராமர்களில் ஒருவரான இவர், அங்கிருந்து விலகிய பின் 1999இன் இறுதியில் ஆர்டோரை எழுதத் தொடங்கினார். பாட்டு, வயலின், தாளம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, கலந்து தருகிற சாஃப்ட்வேர் இது. ஒலிப்பதிவுக் கூடத்தின் பெரும்பகுதி வேலை கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஆரம்பத்தில் பெரிய கைகள் உதவின. ஒலிக்கலவைக் கருவிகள் தயாரிக்கும் சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனம் 2006 இறுதி வரை டேவிஸுக்குச் சம்பளம் கொடுத்தது. எஸ்.ஏ.இ. கல்வி நிறுவனத்தின் ஆதரவு 2009 பிப்ரவரியோடு நின்றது. அதன் பின் முக்கிய ஆதாரம் பயன்படுத்துகிறவர்களின் பணம். மூல நிரல் இலவசம். அதை நிறுவத் தயாரான வடிவில் ஆர்டோர் தளத்திலிருந்து பெற விரும்புபவர் முடிந்ததைக் கொடுக்கலாம். அல்லது மாதம் 1 டாலரிலிருந்து சந்தா கட்டலாம். அந்த மாத வசூல் எவ்வளவு என்பது தளத்திலேயே தெரியும்.

இதில் குறிப்பிட்ட வசதிக்கென்று யாரும் விலை பேசுவதில்லை. காரணம் புரிந்துகொள்ள மிடியைப் பார்த்தால் போதும். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பதைக் குறித்து வைத்து, பிறகு விரும்பிய வாத்தியத்தில் ஒலிக்க வைக்கும் முறை அது. கீபோர்டு வாசிப்பவர்களுக்கு இன்றியமையாதது. ஆர்டோரில் அந்த வேலை 2006இல், கூகுள் மாணவர்களுக்குத் தரும் கோடைகால உதவித் தொகையில் ஆரம்பமானது. 3.0 பதிப்பாக அது வெளிவந்தது 2013இல். தொடக்கத்திலேயே ஒருவர் மிடிக்கென்று 50 டாலர் கொடுத்திருந்தால் ஏழு வருடம் காத்திருந்திருப்பார்.

இன்னொரு சிக்கல், கண்ணுக்குத் தெரியாத வேலைகள். குரலுக்கு எதிரொலி சேர்க்கும்போது கம்ப்யூட்டருக்குச் சில மில்லி விநாடிகள் தேவைப்படலாம். மற்ற தடங்கள் அதற்குள் முந்திக்கொண்டால் தாளம் பிசகும். எல்லாத் தடங்களையும் தானாகவே ஒரே நேரத்தில் நிறுத்துவதற்கு உள் இயந்திரத்தையே பிரித்து மாட்ட வேண்டியிருந்தது. 2017 செப்டம்பரில் 5.12 வந்த பின், அந்த வேலைகள் முடிந்து 6.0 வெளியானது 2020 மே மாதம். இடையில் முழுமையான புதிய பதிப்பு எதுவும் இல்லை. திரையில் புதிதாக எதையும் காட்டாத இத்தகைய வேலைக்கென்று தனியாக வசூல் செய்தால் யார் கொடுப்பார்கள்? அந்த இரண்டரை வருடமும் சாஃப்ட்வேரைத் தாங்கியது மாதாந்திரப் பணம்தான்.

ஆபத்தும் உண்டு. சந்தாதாரர்கள் எந்த மாதமும் விலகலாம். கேட்ட வசதி எப்போது வரும் என்று அவர்களுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஒரே மனிதரின் உழைப்பை இந்த அளவு நம்பியிருப்பதும் பலவீனம். ஆனால் மூல நிரல் திறந்திருப்பதால், டேவிஸ் விட்டுவிட்டாலும் வேறொருவர் தொடரலாம். ஹாரிசன் நிறுவனம் 2009இல் தன் மிக்ஸ்பஸ் சாஃப்ட்வேரை ஆர்டோரின் மீதுதான் கட்டியது. மாதம் ஒரு டாலர் கட்டுபவருக்கு இருக்கும் உண்மையான உத்தரவாதம் அதுதான்.